விருந்தாளி மேசை

எனக்கு நண்டு பிடிக்காது. குழம்பில் கிடந்தாலே பிடிக்காது. அது உயிரோடு, கண்ணை நீட்டிக்கொண்டு, நான் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கரும்பலகையின் காலடியில் பக்கவாட்டாக நடந்து வந்தால் எப்படிப் பிடிக்கும்? வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து வந்தது. ஆகவே பக்கத்து வகுப்பு வாத்தியாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே, ஓர் ஓலைக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நான் ராயபுரத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் எடுத்தேன். மேல் வகுப்புகள் ஹெட்மாஸ்டருக்கு. ஒண்ணாம் வகுப்பு, நான் சொன்ன அந்த வாத்தியாருக்கு. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டி இருந்தது. தட்டி என்று சொல்வது மரியாதைக்கு. நண்டு என்ன, அதில் நாயே நுழையும்.

ஆள் ஆறடி. புரசைவாக்கத்துக்காரர், எண்ணூரிலேயே தங்கியிருந்தார். அந்த உடம்புக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருக்க வேண்டும். வந்ததோ அகரம் சொல்லித்தர. நாற்காலி போட்டிருந்தும் உட்கார மாட்டார். பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் சம்மணம் போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்தப் பக்கம் நூல் கட்டி மாட்டியிருக்கும். ஜிப்பாப் பையில் கை விட்டால் மணல்தான் வரும். வாய் மட்டும் ஓயவே ஓயாது. காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி வரைக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். என் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சல் வருமா வராதா?

துறைமுகத்துப் பெட்டிப் பலகையில் அவரே அடித்த ஒரு மேசை அந்த வகுப்பில் உண்டு. அதற்குப் பெயர் விருந்தாளி மேசை. வழியில் பார்த்த எதையும் பிள்ளைகள் காலையில் கொண்டுவரலாம். நத்தை, சங்குக்குள் குடியிருக்கும் பூச்சி, மரவட்டை, ஒரு நாள் கோட்டான் குஞ்சுகூட வந்தது. வந்தது எதுவானாலும் அது விருந்தாளி. ஆஜர் எடுக்கும்போது அதற்கும் பெயர் கூப்பிடுவார். கொண்டுவந்த பிள்ளை அதன் சார்பில் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும்.

"இன்னிக்கு யாரு வந்துகிறாங்க?" என்பார்.

"நத்தை, சார்."

"வரீங்களான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அப்போ சாயங்காலம் ஜல்தியா வுட்டுடணும். சரின்னு சொல்லாதவங்கள ரொம்ப நேரம் உக்கார வெக்கக் கூடாது, கண்ணு."

இந்த மாதிரி ஒரு வாத்தியார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்வேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் விருந்தாளியை வழியனுப்பும் வைபவம். அந்த மேசையில் ஒரு நாளும் எதுவும் தங்கியதில்லை. 'அவங்க வூட்ல தேடுவாங்க' என்பது அவர் சொல்லும் ஒரே காரணம். வகுப்பு மொத்தமும் வரிசையாகப் போகும். கொண்டுவந்த பிள்ளை அதைக் கீழே விடும். விட்ட பிறகு எல்லோரும் மூன்றடி பின்னால் வர வேண்டும். "நம்ம நெழலு அது மேல வுழக் கூடாது. அது போற வரைக்கும் பாருங்க. கத்தக் கூடாது, அழக் கூடாது, அது பயந்துக்கும்." நாற்பது பிள்ளைகள், அதுவும் குப்பத்துப் பிள்ளைகள், ஒரு நத்தை புல்லுக்குள் போய் மறையும்வரை மூச்சு விடாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் அவர்கள் ஒரு நிமிஷம் அப்படி நின்றதில்லை.

செடிகொடிக்கு வேறு விதி. "இவங்க வூட்டை வுட்டு வர முடியாத விருந்தாளி. நாமதான் போவணும்" என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டுக்குக் கூட்டிப் போவார். மேட்டில் ஒரு பாதி அடம்புக்கொடி படர்ந்து ஊதாப் பூவோடு கிடக்கும். மறு பாதியைக் குப்பத்தில் அடுப்பெரிக்கப் பிடுங்கி மொட்டையாக்கியிருந்தார்கள். காற்று மணலை வாரி இறைக்கிற ஒரு நாளில் பிள்ளைகளை முதலில் மொட்டை மேட்டடியில் கண்ணை மூடி உட்கார வைத்தார். மூஞ்சியெல்லாம் மணல். தும்மல், இருமல், அழுகை. பிறகு கொடி படர்ந்த மேட்டடியில் உட்கார வைத்தார். ஒன்றும் விழவில்லை. "இப்போ கொடிக்கு இன்னா சொல்லணும்?" என்றார். பிள்ளைகள் கொடியைப் பார்த்துக் கும்பிடு போட்டார்கள். அவ்வளவுதான் பாடம். மறு வாரம் ஹெட்மாஸ்டர் வீட்டம்மா காய்ந்த கொடி என்று நினைத்துப் பச்சைக் கொடியை இழுத்தபோது ஆறு வயசுப் பெண் ஒன்று போய், "அத்த வுட்டுடு ஆயா, உன் வூட்டு சோத்துல மண்ணு வுழும்" என்று சொல்லிவிட்டது. அந்தம்மாள் அதைச் சாபம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஹெட்மாஸ்டர் ஒண்ணாம் வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சடை போட்டு ஒரே ஒரு ரிப்பன் கட்டியிருக்கும். இன்னொரு ரிப்பன் எங்கே என்று கேட்டால், "அது அக்காவுது" என்னும். அவளால்தான் எல்லாம் வந்தது. அவளால் என்று சொல்வதும் அநியாயம். பின்னால் சொல்கிறேன்.

அவர் தப்பே செய்யாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். செய்தார், அதுவும் நாற்பது பிள்ளைகள் முன்னால். ஒரு பையன் வல்லூர் பக்கத்து முள்ளுக்காட்டுக்கு அப்பனோடு விறகுக்குப் போனவன், ஓர் ஆமையைத் தூக்கி வந்து மேசையில் வைத்துவிட்டான். உள்ளங்கையில் அடங்கும் ஆமை. முதுகில் மஞ்சள் கோடுகள். எங்கே எடுத்தான் என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாயங்காலம் வழியனுப்ப எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப் போனார். அன்று எனக்கு ரயிலுக்கு நேரம் இருந்ததால் நானும் பின்னால் போனேன்.

ரிப்பன் பெண் அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள். "சார், இத்தக் கடல்ல வுடாத. காலைப் பாரு. இதுக்குத் துடுப்பு இல்ல."

"ஆமைன்னா தண்ணிதான் கண்ணு. புஸ்தகத்துல போட்டுகிறாங்க."

"கடல் ஆமைக்குக் காலு துடுப்பு மாதிரி இருக்கும் சார். எங்கப்பா காட்டிகிறாரு. இதுக்கு ஆனைக் காலு."

அவர் சிரித்துவிட்டு ஆமையை அலையில் விட்டார். அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. இன்னும் உள்ளே போய் விட்டார். மறுபடி கொண்டுவந்து போட்டது. மூன்றாவது தடவை இடுப்பளவு தண்ணீரில் போய் விட்டுவிட்டு வந்தார். அது வரவில்லை. பிள்ளைகள் மூன்றடி பின்வாங்கி நின்று பார்த்தார்கள். ரிப்பன் பெண் மட்டும் பின்வாங்கவில்லை.

மறுநாள் காலை ஆமை செத்துக் கரை ஒதுங்கியிருந்தது. அவர் அதைக் கொண்டுவந்து விருந்தாளி மேசையில் வைத்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஆஜர் எடுக்கவில்லை. "இது செத்ததுக்கு நான்தான் காரணம்" என்றார். "இதோட வூடு எங்கன்னு நான் கேக்கல. இந்தப் பொண்ணு சொன்னா, அதையும் கேக்கல. புஸ்தகத்துல ஆமைன்னு போட்டிருந்தது, எந்த ஆமைன்னு போடல. கண்ணு, நீ என்னை மன்னிச்சுடு." அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "இனிமே கேளு சார்" என்றாள். "கேக்கறேன்" என்றார்.

வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறதாவது. மானம் கப்பலேறிவிட்டது என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் முதல் கேள்வி மாறிவிட்டது. "இவரு வூடு எங்க?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பார். தெரிந்த பிள்ளை எழுந்து சொல்லும். கழியில் உப்பு குறைந்த தண்ணீர் எது, கடல் தண்ணீர் எது, எந்த நண்டு சேற்றில் வளை தோண்டும், எது மணலில் தோண்டும் என்றெல்லாம் அந்தப் பொடிசுகள் சொல்லச் சொல்ல ஆறடி மனிதர் நோட்டில் எழுதிக்கொள்வார். யாருக்கும் வீடு தெரியாத விருந்தாளியை மேசையில் ஏற்றவே மாட்டார்.

இன்னொரு விதியும் அவரிடம் உண்டு. வயிற்றில் முட்டையோடு இருக்கிற எதையும் மேசைக்குக் கூட்டி வரக் கூடாது. "அவங்க புள்ளத்தாச்சி. புள்ளத்தாச்சிய யாராவது நடக்க வெச்சுக் கூட்டியாருவாங்களா? பாத்தா வழி வுட்டு ஒதுங்கிடணும்." வகுப்புக்குச் சொன்ன விதி அது. ஆறு வயசுக்கு வகுப்பு எது, வீடு எது?

ரிப்பன் பெண்ணின் அக்காளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்குக் காசிமேட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களுக்குச் சினை நண்டுக் குழம்பு வைக்கப்போவதாக அவள் அம்மா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சினை நண்டு என்றால் வயிற்று மூடிக்குள் முட்டையை அடக்கி வைத்திருக்கும் பெண் நண்டு. அதற்கு அங்கே தனி மதிப்பு. அந்தம்மாள் நாலு நாள் கழியில் இறங்கித் தேடித் தேடிப் பிடித்து, காலைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்ட தொட்டியில் உயிரோடு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கழிக்கரைக்குத் தூக்கிப் போய், கட்டை அவிழ்த்து, விட்டுவிட்டு, மூன்றடி பின்வாங்கி நின்றிருக்கிறாள். கடைசி நண்டு போகும்போதுதான் அம்மா பார்த்தாள்.

சம்பந்தி வீட்டாருக்குக் கருவாட்டுக் குழம்பு. "காசிமேட்ல கெடைக்காத கருவாடா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினாளாம். வளையல் அடுக்கின கையோடு அக்காள் அழுதாளாம்.

திங்கட்கிழமை ஆஜர் எடுக்கும்முன் அந்தம்மாள் வந்துவிட்டாள். பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"இன்னா சார் பாடம் சொல்லிக் குடுக்கற நீ? நான் நாலு நாளு சேத்துல கெடந்து புடிச்சதை இது வுட்டுட்டு வந்துகீது. ஏண்டின்னா, அதுங்களும் புள்ளத்தாச்சிதானேம்மா, அக்கா மாதிரின்றா. எம்பொண்ணும் நண்டும் ஒண்ணா சார்?"

அவர் எழுந்து நின்றார்.

"நாங்க கடல்ல புடிச்சாத்தான் சோறு. நீ வுடு வுடுன்னா, உன் வூட்லயா வந்து துன்றது? சம்மந்தி முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன் சார். அந்தத் தலையை நீ நிமித்திக் குடுப்பியா?"

"தப்பு என்னுதுதான்மா. பொண்ண அடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

"அடிக்காம?" என்றாள் அவள். ஆனால் அடிக்கவில்லை. பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கூட வந்த பெண்களும் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை ஒண்ணாம் வகுப்பில் பிள்ளையே இல்லை. அவர் மணலில் சம்மணம் போட்டு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வராத வகுப்புக்கு வாத்தியார் எதற்கு என்று மேலாபீஸ் கேட்கும் என்று ஹெட்மாஸ்டர் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் ரயிலுக்குப் போகும் வழியில் அந்தம்மாள் என்னை மடக்கினாள். "சார், எனக்கு எழுதத் தெரியாது. மேல கீறவங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடு சார். நான் கைநாட்டு வெக்கறேன்." மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பொறுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் படகின் விளிம்பில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து, அழகாக எழுதிக் கொடுத்தேன். அவள் சொன்னது நண்டு விஷயம் மட்டும்தான். பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகளைக் கடற்கரையில் அலைய விடுகிறார், பெற்றோரின் தொழிலுக்கு விரோதமாகப் போதிக்கிறார் என்று நானாகச் சேர்த்தேன். நண்டு என் காலடியில் வந்த எரிச்சலெல்லாம் பேனாவில் இறங்கியது. ரயிலடி தபால்பெட்டியில் என் கையாலேயே போட்டேன். போட்டுவிட்டு, டீ குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை அவர் லீவு. குப்பத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாரும் என்று ஹெட்மாஸ்டர் என்னை அனுப்பினார். குடிசைகளில் பெண்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் கழியில். தண்ணீர் வடிந்திருந்த நேரம். அங்கே பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதற்குப் பறி என்று பெயர். ஐந்தாறு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து பறியைக் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆறடி உயரத்தில் ஓர் ஆள் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, நூல் கட்டின கண்ணாடியோடு, வாயில் பறியோடு.

கரையில் ரிப்பன் பெண்ணும் மற்றப் பிள்ளைகளும் குந்தியிருந்தார்கள். "சார் இன்னா பண்றாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு நண்டு புடிச்சுத் தராரு சார். காசிமேட்டுக்கு அனுப்ப. காலையிலருந்து கீறாரு. ஒண்ணு கூட மாட்டல."

அந்தம்மாள் முதலில் அவரைத் துரத்தப் பார்த்திருக்கிறாள். அவர் போகவில்லை. சரி, பட்டாத்தான் தெரியும் என்று ஒரு பறியைக் கொடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நண்டு அவர் விரலைக் கவ்வியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கத்த முடியாது, வாயைத் திறந்தால் பறி போய்விடும். அந்த மனிதரை அவ்வளவு நேரம் பேசாமல் நான் கண்டதே இல்லை. பக்கத்தில் இருந்த அந்தம்மாள் அவர் முழியைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தே விட்டாள். "இன்னா சார், இப்போ இன்னா பாடம்?" என்றாள். மற்றப் பெண்களும் சிரித்தார்கள்.

பிறகு அவளே கற்றுக்கொடுத்தாள். வளையின் வாயில் கை விடாதே, பின்னாலிருந்து வா, முதுகைச் சேற்றோடு சேர்த்து அமுக்கு. வெயில் ஏறும் நேரத்துக்கு அவரும் ஒரு நண்டைப் பிடித்துத் தூக்கினார். திருப்பிப் பார்த்தால், வயிற்று மூடி உப்பி, ஆரஞ்சு நிறத்தில் முட்டை. சினை நண்டு. கரையில் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவர் அந்த நண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது. விட்டுவிட்டால் அந்தம்மாளுக்குக் கொடுக்க வேண்டியது போயிற்று. வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சொன்னது போயிற்று. பறியை வாயிலிருந்து எடுத்தார். நண்டை அந்தம்மாளிடம் நீட்டினார். "இது உங்க கழி, உங்க நண்டு. வுடறதுக்கு எனக்கு இன்னா பாத்தியதை? நீங்க இன்னா செஞ்சாலும் சரிம்மா" என்றார்.

அவள் வாங்கினாள். கரையைப் பார்த்தாள். ரிப்பன் பெண் அழவில்லை, கத்தவில்லை. மூன்றடி பின்வாங்கி நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

"இன்னாடி மொறைக்கிற?" என்றாள் அம்மா. பிறகு நண்டைத் தண்ணீருக்குள் அழுத்தி விட்டாள். "போ. போய்ப் பெத்துட்டு வா." எங்களைப் பார்த்து, "சம்மந்தி வூட்டுக்கு ஆம்பளை நண்டு போதும். மசாலா போட்டா அவளுங்களுக்கு இன்னா தெரியப் போவுது" என்றாள். அன்று மதியமே ஒரு கூடை நண்டு காசிமேட்டுக்குப் போயிற்று. அதில் அவர் அதற்குப் பிறகு பிடித்தது ஒன்றே ஒன்று. சம்பந்தி வீட்டார் திருப்தியாகச் சாப்பிட்டுச் சொல்லியனுப்பினார்களாம்.

வியாழக்கிழமை ஒண்ணாம் வகுப்பு நிரம்பி வழிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பழைய சத்தம். எனக்கு முதல் தடவையாக அது எரிச்சலாக இல்லை. ஆனால் மனு போய்க்கொண்டிருந்ததே.

இரண்டு வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அரக்கோணம் தாண்டி ஏதோ ஓர் ஊர். அந்தம்மாள் மறுபடி என்னை வழியில் மடக்கினாள். "சார், கோவத்துல வெச்ச கைநாட்டு. அந்தக் காயிதத்தைத் திருப்பி வாங்கியாந்துடு சார்." லீவு போட்டு மேலாபீஸுக்குப் போனேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதிவான மனுவை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா, வாத்தியாரே?" என்றார். பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கி இன்னொரு மனு எழுதினேன். இது முந்தினதைவிட நன்றாக எழுதிய மனு. பதிலே வரவில்லை.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரத்தில், தட்டியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். "சார், அந்த மனுவை எழுதினது நான்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "ஆபீஸ்ல காமிச்சாங்க. உங்க கையெழுத்தை நான் தெனமும் போர்டுல பாக்கறனே. அழகான கையெழுத்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "திருப்பி எடுக்கப் பாத்தேன் சார். முடியல" என்றேன்.

அவர் மேசையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். "திருப்பி வெக்க முடியாததும் இருக்குது சார். அந்த ஆமை உசுரை நான் திருப்பி வெச்சனா? அதுக்கப்புறம் கேட்டுக் கேட்டுச் செய்யறேன், அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். நான் சாப்பிடவில்லை. அவர் தூக்குச்சட்டியிலிருந்து பாதியைக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. அவர் பிள்ளைகளிடம் போய் வருகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். ரிப்பன் பெண் எழுந்து நின்றாள். வகுப்பைப் பார்த்து, "சாரு எங்கருந்து வந்தாரு?" என்று கேட்டாள்.

"ரயில்லருந்து" என்றது வகுப்பு.

"அப்போ அங்கதான் வுடணும்."

வரிசை தானாகக் கிளம்பியது. இரண்டு பிள்ளைகள் அவர் பெட்டியின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கின. அவருடைய இரண்டு கையையும் நாலு பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. எண்ணூர் ரயிலடிவரை மணலிலும் ரோட்டிலும் அந்த வரிசை போயிற்று. நான் கடைசியில் நடந்தேன். பிளாட்பாரத்தில், "மொதல்ல வந்தப்போ எந்த எடத்துல எறங்கின சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் நெடுநேரம் யோசித்து, புங்க மரத்தடி பெஞ்சைக் காட்டினார். அங்கே கொண்டுபோய் அவரை உட்கார வைத்தார்கள். பிறகு நாற்பது பிள்ளைகளும் மூன்றடி பின்வாங்கி நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் அழவில்லை, அவர் பயந்துகொள்வார் என்று. அவர்தான் கண்ணாடியைக் கழற்றினார். நூல் சிக்கிக்கொண்டது. வண்டி வந்தது, ஏறினார். வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைகிறவரை அந்தப் பிள்ளைகள் அசையவில்லை.

நானும் மூன்றடி பின்வாங்கித்தான் நின்றிருந்தேன். எப்போது பின்வாங்கினேன் என்று தெரியாது.

வழக்கமாக நான் ஊருக்குப் போகிற வண்டியும் அதுதான். ஏறாமல் நின்றுவிட்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். குப்பம்வரை அவர்களைத் திருப்பி அழைத்துப் போனேன். நாலு வருஷம் அந்தக் குப்பத்தில் வேலை பார்த்தவன், ஒரு பிள்ளையின் வீடுகூட எனக்குத் தெரியாது. ரிப்பன் பெண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையிடமும் உன் வீடு எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கொண்டுபோய் விட்டேன்.